ரயில் மேட்டு அம்மன்

பேரனுக்கு முதல் மொட்டை எங்கள் குலதெய்வத்தின் முன்னால்தான் எடுக்க வேண்டும். அதற்கு எங்கள் குடும்பத்தில் மாற்றே கிடையாது. நான் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகும் ரோட்டில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவன். பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் தினமும் கடையைத் திறப்பேன். ஆனாலும் பெருமாள் எல்லோருக்கும் பொது. குலதெய்வம் நம் வீட்டுப் பெரிய மனுஷி மாதிரி. அவளிடம் சொல்லாமல் பிள்ளையின் தலையில் கத்தி வைக்க மாட்டோம்.

மகனுக்குக் கல்யாணமாகி வெகு காலம் குழந்தை இல்லை. மருமகள் போகாத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு ஆடி மாதம் அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "பிள்ளையைக் கொடு தாயே, உன் முன்னாலேயே முடி இறக்குறேன்" என்று வேண்டிக்கொண்டது நான்தான். அடுத்த ஆடிக்குள் பேரன் பிறந்தான். அவன் முடியில் கத்திரி படாமல் ரெட்டைச் சடை போட்டு வளர்த்தோம். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் பெண் பிள்ளை என்றே கொஞ்சிவிட்டுப் போவார்கள்.

அம்மன் இருந்த இடம் திருச்சிக்குத் தெற்கே, ரயில் ஓடாமல் போன ஒரு மேட்டின் ஓரம். மெயின் லைனிலிருந்து பிரிந்து கல்குவாரி வரைக்கும் அந்தக் காலத்தில் ஒரு கிளைப் பாதை போட்டிருந்தார்கள். ஜல்லி ஏற்றப் போகும் வண்டியில் ஜனங்களுக்காக ஒரே ஒரு பெட்டி கோத்திருப்பார்கள். நான் டவுசர் போட்ட வயதில் அப்பாவோடு அதில் போயிருக்கிறேன். பாதை போட வந்தவர்கள்கூட அம்மனை நகர்த்தப் பயந்துகொண்டு கொஞ்சம் வளைத்துப் போட்டார்கள் என்று அப்பா சொல்வார். நிஜமோ என்னவோ, அந்த இடத்தில் பாதை வளைந்துதான் போகும். டிரைவரும் அங்கே வந்ததும் ஊதாமல் போகமாட்டார்.

குவாரி மூடியதும் வண்டி நின்றது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், சிலிப்பர் கட்டைகளை அள்ளினார்கள். மேடும் ஜல்லியும் மட்டும் மிச்சம். அம்மன் அங்கேயேதான் இருந்தாள், வேலமரத்தடியில், கூரை இல்லாமல். அவளுக்கு முகம், கை, கால் எதுவும் கிடையாது. நட்டு வைத்த கல்தான். பூசாரி மஞ்சளும் சந்தனமும் கனமாகக் குழைத்துக் காப்புப் போட்டு, கண் வைத்து, பட்டு சுற்றிவிடுவார். குடும்பத்து ஆட்கள் காப்பைக் கலைக்கக் கூடாது, காப்பு இல்லாத கல்லைப் பார்க்கவும் கூடாது. என் அப்பாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

பங்காளிகள் என்று மிஞ்சியது இரண்டே வீடுதான். நாங்கள், அப்புறம் மன்னார்புரத்தில் இருக்கும் பெரியப்பா மகன். எனக்கு மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆடியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து போவோம். கடைசிச் சில வருஷமாகப் பூசாரி வரவில்லை. அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, காப்பை முதல் நாளே வந்து போட்டுவிட்டுப் போகிறார் என்று அண்ணன் சொன்னார். நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

மொட்டைக்கு நாள் குறித்ததும், முள்ளை வெட்டி வழி பண்ணிவிட்டு வரலாம் என்று நானும் என் மனைவியும் அரிவாளோடு கிளம்பினோம். அண்ணனுக்குப் போன் பண்ணினேன். நீ எதுக்குப் போறே, எதையும் தொட்டுவைக்காதே, எல்லாம் நான் பார்த்துக்கிறேன் என்றார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் ஏறினோம். பழைய ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும். பிளாட்பாரத்தின் கல் விளிம்பு மட்டும் புல்லுக்குள் நீளமாகத் தெரிந்தது. ஊர்ப் பெயர் எழுதிய பலகை போய் இரண்டு கால்கள் நின்றன. டிக்கெட் கொடுத்த ஜன்னலில் யாரோ ஆட்டுக்குத் தழை கட்டியிருந்தார்கள். கைகாட்டி மரம் முழங்கால் உயரத்தில் அறுபட்டு நின்றது. சின்னப் பாலத்தில் இரும்பை எடுத்துவிட்டதால் கீழே வாய்க்காலில் இறங்கி, என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஏறினாள். வழியெல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான். சர்க்கரைப் பொங்கல் எத்தனை படி, யார் யாருக்கு வேட்டி, தாய்மாமன் மடியில் பிள்ளை அழாமல் உட்காருவானா என்று.

வேலமரத்தடிக்கு வந்து பார்த்தால், அதற்கு முந்தின நாட்களில் பெய்த மழையில் காப்பு முழுக்கக் கரைந்து, பட்டு நழுவிக் கீழே சுருண்டு கிடந்தது. பார்க்கக் கூடாது என்று நான் திரும்பிக்கொண்டேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டே பட்டைச் சுற்றிவிடலாம் என்று குனிந்தாள். விரலில் ஏதோ வெட்டு தட்டுப்பட, கண்ணைத் திறந்துவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. சாமி மேல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு."

நான் திரும்பினேன். கல் நாலு பக்கமும் சதுரமாகச் செதுக்கியது, தலை மட்டும் கொஞ்சம் சரிந்தது. முன்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்தும் அதற்குக் கீழே ஒரு நம்பரும் வெட்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் படித்த எனக்கு அது தெரியாதா? ரயில்வே இடம் இதுவரைக்கும் என்று காட்டுவதற்கு நடுவார்களே, அந்த எல்லைக்கல்.

எனக்கு உடனே புத்தியில் ஏறவில்லை. ரயில்வேக்காரர்கள்தான் ஒரு காலத்தில் அம்மன் மேல் எழுதிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். மேட்டின் ஓரமாகவே குவாரிப் பக்கம் நடந்தேன். புதருக்குள் அதே மாதிரி ஒரு கல் நின்றது. எதிர்ப்பக்கம் இன்னொன்று. அதே சதுரம், அதே எழுத்து, நம்பர் மட்டும் வேறே. இன்னும் கொஞ்ச தூரம் போனால் எதிர்ப்பக்கத்தில் மட்டும் கல் இருந்தது. இந்தப் பக்கம் கல் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு குழி. அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. குழிக்கு முந்தின கல்லின் நம்பருக்கும் அடுத்த கல்லின் நம்பருக்கும் நடுவில் விட்டுப்போன நம்பர்தான் வேலமரத்தடியில் நின்றது.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் பக்கம் ஆடு மேய்க்கும் அம்மா வந்திருந்தாள். என் மனைவி அழுதுகொண்டே வந்ததைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டாள். நான் அம்மன் கல்லைப் பற்றி விசாரித்தேன்.

"அந்தச் சாமியத்தான் எப்பவோ வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்களே. கார்ல வருவாரே, உங்க கூட நின்னு சூடம் காட்டுவாரே, அவருதான். கூடவே பூசாரி" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "அதுக்கப்புறமும் நீங்க வந்து பால் ஊத்துனீங்களா, சரி, இது ரயில்வே சாமி போலிருக்குன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

 அவள் சிரித்ததில் தப்பே இல்லை.

குலதெய்வத்தை இடம் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு முறை இருக்கிறது. பங்காளிகள் அத்தனை பேரும் அவள் முன்னால் நின்று உத்தரவு கேட்க வேண்டும். பல்லி சொன்னாலோ பூ விழுந்தாலோதான் பிடிமண் எடுக்கலாம். அந்த மண்ணை எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய்ப் புது இடத்தில் போட்டு, மேலே அவளை உட்கார வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரன் கை படாவிட்டாலும் அந்த வீட்டுக்கு அங்கே உரிமை கிடையாது. என்னை அப்படித்தான் ஆக்கியிருந்தார்கள்.

நேராக மன்னார்புரம் போனோம். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து மனையில் புதுசாக மதில் எழுப்பி, அதற்குப் பச்சைக் கதவு போட்டிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கட்டட சாமான் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லுவார். அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. உள்ளே டைல்ஸ் போட்ட சின்னக் கோயில். பூசாரி நல்ல திடமாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கமாக எழுந்து போனார்.

அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. வீடு கட்டின நேரம் தொட்டதெல்லாம் நட்டமாகப் போயிற்றாம். அம்மனைப் பக்கத்தில் வைத்துக் கும்பிடும்படி ஜோசியர் சொன்னாராம். என்னிடம் கேட்டால் அப்பா பேச்சைச் சொல்லி மறுத்துவிடுவேனாம்.

"அதுக்காக ஒரு எல்லைக்கல்லப் புடுங்கி நட்டீங்களாண்ணே?"

"உனக்காகத்தான்டா நட்டேன். நீ வந்து பார்த்து அங்க ஒண்ணுமில்லன்னா தாங்குவியா? உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

"வருஷா வருஷம் நீங்களும் வந்து நின்னீங்களே. அந்தக் கல்லுக்குத் தேங்காய் உடைச்சீங்களே."

"நீ கும்பிடுறப்ப நான் மட்டும் சும்மா நிக்க முடியுமா?" என்றார். நாங்கள் அங்கே சூடம் காட்டிவிட்டு வந்த பிறகு, அவர் வீட்டுக்காரர்கள் இங்கே வந்து பொங்கல் வைப்பார்களாம். அண்ணி அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி கலக்க உள்ளே போனார்.

நான் பேரனுக்காக விழுந்து கிடந்த அந்த ஆடியை நினைத்துப் பார்த்தேன். அழுததில் என் நெற்றிச் சந்தனம் முகமெல்லாம் அப்பியிருந்தது. அண்ணன்தான் என்னைத் தூக்கிவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்து, அவ கேட்டுட்டாடா, நிச்சயம் குடுப்பா என்றார். அவள் அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் நான் கோயிலுக்கும் போகவில்லை, கடையையும் திறக்கவில்லை. வேண்டுதலை யாரிடம் செலுத்துவது? நான் விழுந்தது எல்லைக்கல்லின் முன்னால். பிள்ளையைக் கொடுத்தது யார்? மகன் வேறு ஏதாவது கோயிலில் முடித்துவிடலாம் என்றான். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க யாரை நினைச்சுக் கும்பிட்டீங்க? அவளைத்தானே. அவ எங்க இருக்காளோ அங்க போயி இறக்குவோம். கொண்டுபோனவன் மேல உள்ள கோபத்த அவ மேல காட்டாதீங்க" என்றாள்.

குறித்த நாளில் மன்னார்புரம் போனோம். அண்ணன் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார், மைக் செட் வேறு. எல்லோரையும் வாங்க வாங்க என்றார். தாய்மாமன் பேரனை மடியில் வைத்துக்கொண்டார், நாவிதர் சடையைப் பிரித்தார். நான் அம்மன் முன்னால் போய் நின்றேன். மஞ்சள் முகம், வெள்ளிக் கண், சிவப்புப் பட்டு. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே முகம்தான். ரயில் மேட்டில் எல்லைக்கல்லுக்கும் இதே முகத்தைத்தானே வைத்திருந்தார்கள்.

பூசாரியிடம், காப்பை ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொன்னேன். அவர் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டார். குடும்பத்தார் பார்க்கக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா என்றார்.

"அவதான்டா, உள்ள இருக்கிறது. நான் சொல்றேன்ல" என்றார் அண்ணன்.

அவர் சொல்கிறார். காப்புக்குக் கீழே இருக்கும் கல்லைப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. அண்ணன் வார்த்தையை நம்பினால் அவள் இருக்கிறாள், நம்பாவிட்டால் இல்லை. அம்மனையே இந்த மனிதர் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது. இந்த ஜன்மத்தில் அவளைக் கும்பிட வேண்டுமென்றால் நான் இவரை நம்பித்தான் ஆக வேண்டும்.

பேரன் அழ ஆரம்பித்தான். முதல் கற்றை முடி தட்டில் விழுந்தது. நான் கையைக் குவித்தேன். தாயே, ஒரு கனவில் வந்தாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்து, அதைக் கேட்கவில்லை. நீயாக இருந்தால் இதை ஏற்றுக்கொள் என்றேன். எந்தச் சாமி முன்னாலும் நான் அப்படிச் சந்தேகம் வைத்துப் பேசினது கிடையாது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். மகனும் மருமகளும் உட்கார்ந்தார்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நானும் என் மனைவியும் சந்தனம் பூசிய பேரனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.