யூட்லாந்துக்காகப் பேசியவர்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அவர் காவலாளி. நரைத்த மீசை, மார்பு அட்டையில் தமிழ்ப் பெயர். வழிகாட்டிகள் சொல்வதையெல்லாம் தலை சாய்த்துக் கேட்பது அவர் வழக்கம் போலும்.

அன்று எங்கள் வழிகாட்டி ஓர் ஓவியத்தைக் காட்டி, "சமயத்தைக் காக்க ஜெர்மனி மீது படையெடுத்த டென்மார்க் அரசர்" என்றார்.

"தோற்றதும் அவர் கடல் தாண்டித் தன் தீவுக்குப் போய்விட்டார். எதிரிப் படையிடம் அகப்பட்டது டென்மார்க்கின் பெருநிலமான யூட்லாந்தின் மக்கள். அதையும் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் குறுக்கிட்டார் காவலாளி.

வழிகாட்டி முகம் சிவந்து, மேலதிகாரியிடம் முறையிடப்போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"வேலை போயிடுமே அண்ணை?" என்று கேட்டேன்.

"போகட்டும். முதல்ல டென்மார்க்குக்கு அகதியாப் போன எனக்குக் கதவு திறந்தது அந்த யூட்லாந்துச் சனம்தான். அதுகளுக்காக நான் வாய் திறக்காட்டி வேற ஆர் திறக்கிறது?"

நானூறு வருடத்துக்கு முந்தைய துயரத்துக்காக ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.