இழுத்தடித்த சமாதானம்

ஒரே தடவை உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விவகாரம் அது. அதை இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து இழு இழு என்று இழுத்தார்கள். ஒருத்தி, ஆஸ்பத்திரித் தையலறையில் கிழிந்த போர்வைகளுக்கு ஒட்டுப் போடும் தையலக்கா. இன்னொருவர் அவளுடைய சம்பந்தி, லிஃப்ட்காரர்.

தையலக்காவின் புருஷன் இறந்துபோனபோது மகள் பள்ளிக்கூடம்கூட முடித்திருக்கவில்லை. மெஷினை மிதித்தே அவளைப் படிக்க வைத்து, கட்டியும் கொடுத்தாள். மருமகளைக் கடிந்து பேசத் தெரியாத மாமியார் அமைந்தாள். பாவம், கல்யாணமான மறுவருஷமே அந்த மாமியார் கண்ணை மூடிவிட்டாள். மாமனார் வாயில்லாப் பூச்சி. இனி நமக்கு என்ன கவலை என்று தையலக்கா நினைத்திருந்தபோதுதான் மகள் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை இவளை ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிவிட்டானாம்.

"நான் என்ன பீரோவாம்மா, லாரியில ஏத்திட்டுப் போறதுக்கு?" என்று மகள் கத்தினாள். கேள்வி நியாயமானதுதான்.

"நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா வார்த்தை தடிச்சுப் போகும். நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் நீ அவருக்குப் போன் பண்ணக் கூடாது" என்று தையலக்கா மகளிடம் சத்தியம் வாங்கினாள். அங்கே லிஃப்ட்காரரும் மகனிடம் அதையேதான் சொல்லி வைத்தார். குடும்பங்களில் நடப்பதுதானே இது. கட்டிக்கொண்டவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், கட்டி வைத்தவர்கள் பேசுவார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில்தான் அவர் மெக்கானிக். அதனால் பேச்சுவார்த்தையைக் கேன்டீனிலேயே வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் இருவரும் குற்றவாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவன் செய்தது தப்பு என்றார் அவர். இவளுக்கும் வாய் நீளம் என்றாள் அவள். அத்தோடு பிள்ளைகளின் விஷயம் தீர்ந்துபோனது. டீ மட்டும் பாக்கி இருந்தது.

"வீட்டுல பேச ஆளில்ல பாருங்க, லிஃப்டுகிட்டதான் பேசறேன்" என்றார் அவர், எங்கேயோ பார்த்தபடி. "மேல போம்மா கண்ணுன்னு சொன்னாத்தான் அது கிளம்புது. அன்னைக்கு உள்ள ஒரு பெரிய டாக்டர் நின்னதைக் கவனிக்கல. அவரு பயந்துபோய் அடுத்த மாடியிலயே இறங்கிட்டாரு."

தையலக்கா சிரித்தாள். கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். தன் தொண்டையில் அப்படியொரு சிரிப்பு மிச்சமிருப்பதே அவளுக்குத் தெரியாது. அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. எண்ணெய் என்ன, கேபிள் சோதனை என்ன! நர்சுகள் அதிசயப்பட்டார்கள். கல்யாணத்தில் அவரை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டவள்தான் அவள். இப்போது அந்த வார்த்தை வாயில் வர மாட்டேன் என்றது. "இங்க பாருங்க" என்றுதான் ஆரம்பித்தாள்.

மெஷினில் உட்கார்ந்தால் இதே நினைப்பு. பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் இருவரும் புது ஊருக்குப் போய்விடுவார்கள், அப்புறம் சம்பந்தியைப் பார்க்க என்ன சாக்கு? அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்றாலோ, கட்டிக்கொண்ட மறுநிமிஷம் மகளும் மாப்பிள்ளையும் அக்கம்பக்கத்தார் வாயில் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். பிள்ளைகள் பிரிந்துவிட்டால் இரு வீட்டுக்கும் ஜென்மப் பகை. சேர்ந்தாலும் போச்சு, பிரிந்தாலும் போச்சு. சண்டை தீராமல் இருக்கிறவரைக்கும்தான் அந்த டீயும் எதிர் நாற்காலியும்.

ஒருநாள் காலை, தட்டுக் கழுவிக்கொண்டே மகள் சொன்னாள்.

"போதும்மா. நான் அவரோடவே போறேன். கோபம் போயிடுச்சு. மாமாகிட்ட சொல்லிடு."

"சரிடி" என்றாள் தையலக்கா. சொல்லத்தான் போனாள். அவர் மேஜையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தாள். நாக்கு புரண்டுவிட்டது.

"அவ இன்னும் முறுக்கிட்டுத்தான் இருக்கா."

அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "இவனும் இறங்கி வர மாட்டேங்கறான்" என்றார்.

இருவருக்கும் முகத்தில் ஒரு நிம்மதி. வெட்கக்கேடு! அதற்குப் பெயர் வேறென்ன? அவர் மேஜைமேல் இருந்த அவள் கையைத் தொட்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களை அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளைதான் அசையவில்லையே, நான் சொல்லித்தான் என்ன ஆகப் போகிறது என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று பூராவும் மெஷின் பஞ்சாய் லேசாக ஓடியது.

வீட்டில் மகள் வாசலைப் பார்த்துப் பார்த்து இளைத்தாள். "சொன்னியாம்மா?" என்பாள். "பேசிட்டிருக்கோம். நீயா போய் விழுந்தா உனக்குத்தான் மதிப்பில்ல" என்பாள் தாய். ராத்திரி சாப்பாடு இறங்காமல் மகள் அவள் மடியில் தலை வைத்து அழுவாள். தலையைக் கோதிவிடும் கை, மறுநாள் கேன்டீனில் அந்த மனிதருடைய கைக்குள் இருக்கும். மனசு அரித்தது. அரித்தும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் வீட்டுக்கே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவன் நேத்தே தனியா புது ஊருக்குக் கிளம்பிட்டான். விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்துட்டுத்தான் போயிருக்கான்." மருமகளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "தப்பு என்னோடதும்மா. முதல் வாரமே அவன் என்கிட்ட அழுதான். கேக்காம செஞ்சது தப்புதான், அவளைக் கூட்டிட்டு வாங்கப்பான்னான். நான் உங்கம்மாகிட்ட அதைச் சொல்லல."

தையலக்கா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவருமா?

மகளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெதுவாகத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்னியாம்மா? நான் வரத் தயார்னு மாமாகிட்ட சொன்னியா?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த முறை தையலக்கா அதை விழுங்கினாள்.

"சொல்லல."

"ஏன்?"

"சொல்லியிருந்தா, அப்புறம் இவர் வர மாட்டார்டி."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேன்டீனும் டீயும் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் போனை எடுத்தாள். கதவுக்கு வெளியே பெரிய மனிதர்கள் இருவரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். அவளுடைய குரல் கெஞ்சியது, உயர்ந்தது, பிறகு நின்றுபோனது.

வெளியே வந்தாள். "நம்ப மாட்டேங்கறார். இத்தனை நாள் வாயே திறக்காதவ இப்ப பேசினா, அது அப்பா சொல்லிக் கொடுத்ததுதானேங்கறார்."

"நான் போறேன்டி. அந்த ஊருக்கே போய் மாப்பிள்ளை கால்ல விழறேன். நான் பேசறேன்."

"நீ இனிமே எனக்காகப் பேசாதம்மா."

லிஃப்ட்காரர் "நான் வரட்டுமா?" என்றார். இனி அவரை வரவிடாமல் தடுக்கச் சம்பந்தம் என்று ஒன்று இல்லை. அவள் இத்தனை நாள் ஏங்கியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது. தையலக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

மகள் திட்டுவாள், எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பாள் என்று காத்திருந்தாள். அவளோ துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

"ஏதாவது சொல்லுடி. திட்டு. அடிக்கணும்னா அடி."

மகள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து வைத்தாள்.

"தினமும் உன் மடியிலதானேம்மா அழுதேன்" என்றாள். "இனி யார்கிட்ட போய் அழுவேன்?"