மூன்று மாத வாடகையும் நான் வென்ற முதல் வழக்கும்

பன்னிரண்டு வயதில் என்னிடம் மூன்று பேச்சுப்போட்டிக் கோப்பைகளும், எதற்கும் ஆதாரம் கேட்கும் குணமும் இருந்தன. அந்தக் குணத்துக்கு உரிய வழக்கொன்று எங்கள் வீட்டு மாடியிலேயே கிடைத்தது.

மறைமலைநகரில் எங்கள் மாடியில் குடியிருந்த அண்ணன், ஒரு நாளும் தேதி தவறாதவர், மூன்று மாதமாக வாடகை தரவில்லை. மாடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அப்பாவோ, "அட்வான்ஸ் கீதுல்ல, அதுல கழிச்சிக்கலாம் வுடு" என்று செய்தித்தாளைப் புரட்டுவார்.

"அதுவும் கரைஞ்சிட்டா? வூட்டுக் கடனை அவங்களா கட்டுவாங்க?" என்பார் அம்மா.

அப்பா அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

என்னை வாட்டியது வேறு கேள்வி. அண்ணன் தினமும் ஆறரை மணிக்கு நீலச் சீருடையும் அடையாள அட்டையுமாக, சாப்பாட்டுப் பையோடு இறங்கிப் போகிறார். வேலைக்குப் போகிறவரின் சம்பளம் எங்கே போகிறது? அரையாண்டு விடுமுறையில், பால் வாங்கும் சாக்கில் பின்தொடர்ந்தேன். தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வந்தது. அண்ணன் மருந்துக்கடை ஓரம் ஒதுங்கி நின்றார். பஸ் போனதும் செங்கல்பட்டுக்கான ஷேர் ஆட்டோவில் ஏறினார். மறுநாளும் அப்படியே.

அன்று மாலை அவர் மனைவி எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "கம்பெனில சம்பளம் லேட்டாம்க்கா. இந்த வாரம் வந்துடும்னு சொல்லிகினு கீறாரு."

இதைவிடப் பொருத்தமான மேடை அமையுமா? முன்னே வந்து, நாள், நேரம், இடம் என்று வரிசைப்படுத்தி, கம்பெனி பஸ்ஸில் அவர் ஏறுவதே இல்லை என்று நிறுவினேன். குரலின் ஏற்ற இறக்கம்கூடப் பிசகவில்லை.

"இன்னா பாப்பா சொல்ற?" என்றார் அந்த அக்கா. கோபம் இல்லை, கண் மட்டும் இமைக்கவில்லை.

அப்பா எழுந்து வந்தார். "வேலை போயி மூணு மாசம் ஆவுதும்மா. வேற எடம் தேடி அலைஞ்சிகினு கீறாப்ல. கெடச்சதும் நானே அவகிட்ட சொல்றேன், அதுவரைக்கும் சொல்லாதீங்கன்னு எங்கிட்ட கேட்டுகினாரு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

அப்பா தலையாட்டினார். அதுவரை நிமிர்ந்து நின்ற அக்கா, மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கட்சி மாறிய அம்மா, என்னை முறைத்தபடியே அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனார்.

என் வாதத்தில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால், வேலை போனதைக் கேட்டு அழாதவர், அப்பாவுக்கு அது தெரியும் என்றதும் ஏன் அழுதார் என்பதற்கு மட்டும் அன்றைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.