அன்னாசிக் கேசரி வந்த நாள்

எங்கள் வார்டில் அன்னாசிப்பழத்துக்கு இடமில்லை. அன்னாசி உள்ளே வந்தால் பின்னாலேயே நோயாளிகளும் வந்து குவிவார்கள் என்பது இந்தச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்காரர்களின் நம்பிக்கை. கடை வைத்திருப்பவர்கள் கூட்டம் சேரட்டும் என்று அன்னாசியைக் கொண்டாடுவார்கள். எங்களுக்கு அந்தக் கூட்டம் வேண்டாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் டூட்டி நாளில் நானும் அதைத் தொடமாட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அவளைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது. கைவேலை சுத்தம். ஊசி போட்டால் நோயாளிக்கே தெரியாது. ஆனால் எதைச் செய்தாலும் என் முகத்தைப் பார்ப்பாள். தலையணையை நகர்த்தக்கூட "சரியாக்கா?" என்பாள்.

"என் மூஞ்சியில என்ன டிவியா ஓடுது? பேஷன்ட்டப் பாரு" என்று எரிந்து விழுவேன். "சரிக்கா" என்று மறுபடி என் முகத்தையே பார்ப்பாள். கோபம் எங்கே நிற்கும்? சிரிப்புதான் வரும்.

ஆனால் சிரித்துக்கொண்டே இருக்க முடியாத நிலைமை. அவளுடைய புரொபேஷனை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்திருந்தார்கள். அன்று மாலைக்குள் அவளைத் தனியாக விடலாமா கூடாதா என்று நான் மேனேஜரிடம் சொல்லவேண்டும். கூடாது என்றால் அவள் ஊருக்கு டிக்கெட் எடுக்கவேண்டியதுதான். எனக்கு அவளை அனுப்ப மனமே இல்லை. அதற்காக, எதற்கும் என் முகத்தைப் பார்க்கிற ஒருத்தி கையில் நோயாளிகளைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

அந்தக் காலையில்தான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய கேசரியோடு வந்து நின்றாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்க்கா. எல்லாருக்கும் கொடுக்கலாம்னு..."

டப்பாவைத் திறந்தாள். அன்னாசி வாசம் தூக்கியது. என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழி "ஐயோ!" என்று தமிழிலேயே அலறினாள். என்னிடம் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். விஷயத்தைச் சொன்னதும் இந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது.

"கொட்டிடட்டுமாக்கா?"

"சாப்பாட்டக் குப்பையில போடுவியா?" என்று டப்பாவைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க ஒரு வாய் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மதியத்துக்குள் காலிக் கட்டில் ஒன்றுகூட இல்லை. ஒருவரைப் படுக்க வைப்பதற்குள் அடுத்தவர் வந்தார். "எல்லாம் உன் அன்னாசிதான் லா" என்று தோழி தன் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அவளைச் சீண்டினாள். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கலங்கிய கண்ணோடு ஓடிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்தா இப்படி என்று நினைத்துக்கொண்டே நானும் ஓடினேன்.

கடைசியாக வந்தவர் ஒரு தமிழ் ஆன்ட்டி. தஞ்சாவூர்ப் பெண்ணின் பொறுப்பில் இருந்த கட்டில். படுக்கவைத்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "முடியலம்மா" என்று திணறினார். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் பாய்ந்து போய் ஆக்ஸிஜனைத் திருகக் கை நீட்டினேன்.

"அக்கா, ஓரமா நில்லுங்க."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், மாஸ்க்கை மாட்டினாள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லித் தோழிக்குக் குரல் கொடுத்தாள். "ஆன்ட்டி, என் கையப் பிடிச்சுக்குங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் எங்கயும் போகமாட்டேன்." அவள் கண் ஆன்ட்டியின் முகத்தை விட்டு அகலவில்லை. டாக்டர் வருவதற்குள் மூச்சு சீராகத் தொடங்கியது.

இத்தனை வருஷத்தில் அந்த வார்டில் என்னை ஓரமாக நிற்கச் சொன்னவர் யாரும் கிடையாது. சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன். அன்று வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

என் பதிலைக் கேட்கத்தான் மேனேஜர் அங்கே வந்தார். ஆன்ட்டியின் கையைப் பிடித்திருந்த அவளையும் சுவரோடு ஒட்டி நின்ற என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.