அப்பாவின் தலைக்குள் தூங்குமூஞ்சி மரம்

பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அந்த வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு ஒன்பது சாயங்காலங்கள் ஆயின. இப்போது நினைத்தாலும் முதலில் அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம் வருகிறது. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வாள். இந்த விஷயத்தில் யாருக்கும் அங்கேதான் இருக்கும்.

அப்பாவுக்கு எழுபது வயது நிறையப் போகிறது. விழா கிழா எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு படமாவது செய்து சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் அலுவலக வரவேற்பறையில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் தொங்குகிறது. அந்த முகத்தின் வடிவத்துக்குள் ஒரு மலைத்தொடர் இருக்கும், நெற்றியில் மேகம், கழுத்தில் பைன் மரங்கள். டபுள் எக்ஸ்போஷர் என்று பெயர். முகம் ஒரு படம், உள்ளே நிரப்புவது இன்னொரு படம், இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் குழைக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன்.

என் ஆபீசிலிருந்து தொம்மலூரில் அப்பா அம்மா இருக்கும் வீடு பத்து நிமிட நடை. வேலை முடிந்ததும் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஜோகுபாளையத்தில் என் வீட்டுக்குப் போவேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்துவிடலாம் என்பது திட்டம்.

முதல் நாள் அப்பாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். பின்னால் வெறும் வானம் வேண்டும், முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அவர் இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்து, நேராக என்னைப் பார்த்து நின்றார்.

"அப்பா, என்னைப் பாக்காதீங்க. அந்த டேங்கைப் பாருங்க."

"கேமராவப் பாக்காம எடுத்தா அது போட்டோவாம்மா? போலீஸ் ஸ்டேஷன்ல எடுக்கறாப்பல இருக்கு."

"டேங்கைப் பாருங்கப்பா."

பார்த்தார். "டேங்க் ஓவர்ஃப்ளோ ஆவுது பாரு. மொதல்ல மோட்டார ஆஃப் பண்ணு."

இருபத்தாறு படங்கள் எடுத்தேன். இருபத்தைந்தில் கண்ணின் ஓரம் என் பக்கம் திரும்பியிருந்தது. மிஞ்சிய ஒன்றில் மோவாயைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன். அந்தத் தூக்கிய மோவாய்தான் பிற்பாடு என் கழுத்தை அறுத்தது.

அடுத்தது, உள்ளே எதை நிரப்புவது. அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பா தலைக்குள்ள என்ன இருக்குன்னு நாப்பத்தஞ்சு வருஷமா நானும்தான் தேடறேன். கெடச்சா எனக்கும் சொல்லு" என்றாள். அப்பாவையே கேட்டேன். முப்பத்தைந்து வருடம் அரசு வேலையில் வரைபடம் போட்டவர், ஏதாவது பாலத்தையோ ஏரியையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய், பழைய டைரி ஒன்றிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போட்டோவை எடுத்து வந்தார். இரண்டு பையன்களும் ஒரு சைக்கிளும். ஹேண்டில்பாரைப் பிடித்து நிற்பவர் அப்பா. கேரியரில் கால் எட்டாமல் உட்கார்ந்திருப்பவர் அவருடைய தம்பி, ஹோசூர்ச் சித்தப்பா.

அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சித்தப்பா எங்களோடு பேசிப் பதினொரு வருடம். காரணம் என் கல்யாணப் பத்திரிகை. கடையில் கொடுத்தால் மஞ்சளும் சிவப்புமாக அடிப்பார்கள் என்று நானே கம்ப்யூட்டரில் வடிவமைத்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற பட்டியலைக் கட்டத்துக்குள் அடக்க எழுத்துகளை இழுத்துக் குறுக்கியதில் கடைசி வரி கட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. அந்த வரியில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அச்சாகி ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. முகூர்த்தத்துக்கு வந்தவர் அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். அப்பா ஹோசூருக்கே போய், "நான்தான் சரியா பாக்காம விட்டேன்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். என் பெயரை எடுக்கவே இல்லை. சித்தப்பா இறங்கி வரவில்லை. குடும்பக் குரூப்பில் மட்டும் இன்னும் இருக்கிறார், ஒரு வார்த்தை எழுதாமல்.

"இது செட் ஆகாதுப்பா. ரொம்ப மங்கல். பெருசு பண்ணா புள்ளி புள்ளியா ஆயிடும்" என்றேன். அது உண்மைதான். அதற்காகத்தான் வேண்டாம் என்றேனா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அப்பா போட்டோவை டைரிக்குள் வைத்து மூடினார். அல்சூர் ஏரிக்கரையில் நானே என்றைக்கோ எடுத்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் படத்தை எடுத்துக்கொண்டேன். மரத்தின் பெயரைக் கேட்டு அம்மா, "பொருத்தமாத்தான் புடிச்சிருக்க" என்றாள்.

பிறகு ஆரம்பித்தது பாடு. முகத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும்போது காது வானத்தோடு போய்விட்டது. காதை மீட்டால் மூக்குக்கண்ணாடியின் ஒரு கம்பி போய்விட்டது. மாஸ்க் என்று ஒன்று உண்டு. கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் தெரியும். நான் ஒவ்வொரு தடவையும் மாற்றிப் பூசினேன். மரத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தால் அப்பாவைக் காணோம், அப்பாவைத் தூக்கினால் மரம் சாம்பார்க் கறை மாதிரி இருந்தது. ஒரு நாள் எல்லாம் சரியாக வந்ததுபோல் இருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, அவர் மூக்குல மரு?" என்றாள். ஒரு இலை. அதை அழிக்கப் போய் மூக்கு நுனி போனது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு அம்மாவிடம் கத்தினேன். அவள் பாவம் என்ன செய்வாள்.

ஒன்பதாம் நாள் முடிந்தது. கறுப்பு வெள்ளையில், பனிபோல் வெளுத்த பின்னணியில், மோவாயைத் தூக்கி வானம் பார்க்கும் அப்பா. பின்தலை கிளைகளாகப் பிரிந்து காற்றில் கரைகிறது. வீடியோக்காரன் இலவசமாகக் கொடுத்த ஐந்து பறவைகள் உச்சந்தலையிலிருந்து பறந்து போகின்றன. எனக்கே பெருமையாக இருந்தது.

பிறந்தநாள் காலையில் ஆபீஸ் போய் உட்கார்ந்ததும் அதைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். வாழ்த்தைக் கீழே எழுதலாம் என்று விரலை வைத்தபோது மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். போனைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போனேன். திரும்பி வர ஒரு மணி நேரம்.

நாற்பத்து மூன்று செய்திகள். முதலாவது வேலூர்ப் பெரியம்மா: "ஓம் சாந்தி." அதன் பிறகு மந்தை ஆடு மாதிரி ஆளாளுக்கு ஓம் சாந்தி. 'எப்போ எடுக்கறாங்க' என்று ஒருவர். 'தங்கமான மனுஷன்' என்று, அப்பாவைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் ஒருவர். எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெளுத்த பின்னணி, வானம், பறவை. ஒன்பது நாள் உட்கார்ந்து உயிரோடிருக்கும் அப்பாவுக்கு அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. தலையில் அடித்துக்கொண்டு மறுப்பு எழுத ஆரம்பித்தேன். அப்பாவிடமிருந்து போன்.

"குரூப்ல எதுவும் எழுதாதே. அழிக்காதே. வீட்டுக்கு வா."

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். யாரோ படத்தை அப்பாவின் பழைய ஆபீஸ்காரர்களுக்கும் தள்ளிவிட்டிருந்தார்கள் போலும். அவரோடு வேலை பார்த்த கீழ்வீட்டுக்காரர் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே வந்திருக்கிறார். வந்து பார்த்தால் அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "பன்னி சார், திண்டி மாடி", வாங்க, டிபன் சாப்பிடுங்க என்று கன்னடத்தில் கூப்பிட்டு, அப்பா அவருக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் போனபோது அந்த மனிதர் எதற்கு வந்தேன் என்று சொல்ல முடியாமல் மூன்றாவது இட்லியில் இருந்தார்.

அவர் போனதும் அப்பா கேட்டார். "ஹோசூர்லேர்ந்து எதாச்சும் வந்துதாம்மா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "இல்லப்பா."

"பாத்திருக்க மாட்டானோ என்னமோ. சாயங்காலம் வரைக்கும் அது அப்டியே இருக்கட்டும்."

நான் போட்ட படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று என் போனில் மட்டும்தான் தெரியும். படத்தை அழுத்திப் பிடித்துப் பட்டியலைத் திறந்தேன். சித்தப்பாவின் பெயர் மேலே இருந்து நாலாவது. காலை ஒன்பது நாற்பத்தைந்துக்கே பார்த்துவிட்டார். அண்ணன் செத்துப்போனான் என்று பார்த்துவிட்டு, போனைக் கீழே வைத்திருக்கிறார்.

"இன்னும் பாக்கலப்பா" என்றேன்.

"பஸ்ஸுல இருப்பான்" என்றார் அப்பா.

அன்று பகல் முழுக்க அவர் காலையில் போட்ட இஸ்திரிச் சட்டையைக் கழற்றவில்லை. அம்மா பாயசம் வைத்தாள், அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் பேப்பரைத் தாழ்த்திக் கதவைப் பார்ப்பார். வந்த போன்களை அவரே எடுத்தார். "நான்தான் பேசறேன்" என்றதும் எதிர்முனையில் படக்கென்று வைத்துவிடுவார்கள். மத்தியானத்துக்குமேல் சிலர் தங்கள் ஓம் சாந்தியைச் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டார்கள். எனக்குச் சித்தப்பாவின் மேல் வந்த ஆத்திரத்தில் ஹோசூருக்கே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்போல் இருந்தது. பிறகு அந்தப் பத்திரிகையின் கடைசி வரி ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

"யாராச்சும் நெசத்தச் சொல்லியிருப்பாங்கடி. அதான் வரல" என்று அம்மா அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். இருக்கலாம்.

ஆறு மணிக்கு அப்பா, "போதும்மா, எழுதிடு" என்றார். எழுதினேன். ஓம் சாந்தி சொன்னவர்களே கேக் படம் அனுப்பினார்கள். வேலூர்ப் பெரியம்மா, "எடிட்டிங் சூப்பர், யாரு பண்ணது?" என்று கேட்டாள்.

"அப்பா, அந்த சைக்கிள் போட்டோவக் குடுங்க" என்றேன்.

டைரியோடு கொண்டுவந்தார். அதைப் போனில் படம் பிடித்து, மரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பறவைகளையும் துரத்திவிட்டு, அவர் தலைக்குள் வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சொன்னதுபோலவே புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. சைக்கிள் சக்கரம் கன்னத்தில் விழுந்தது. கேரியரில் இருந்த சின்னப் பையன் சரியாக அப்பாவின் காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். அங்கிருந்து அவனை நகர்த்த நான் முயற்சி செய்யவில்லை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கால் எட்டாதும்மா அவனுக்கு. கீழ எறக்கி விடறதுக்கு நான்தான் வரணும்" என்றார்.

"இதையும் குரூப்ல போடவாப்பா?"

"போடு" என்றார். "போட்டுட்டு, காலைல அழுத்திப் பாத்தியே, அதே மாதிரி பாத்துச் சொல்லு. இந்தத் தடவ உள்ளதச் சொல்லு."