பானெட்டுக்குப் போர்த்திய கோணி

போன வியாழக்கிழமை காலை, எதிர் வீட்டுக்காரர் தன் டீசல் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மார்கழிப் பனி. அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் குடியிருந்தால் அந்தப் பனி சட்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கார் இருமியது, வெள்ளைப் புகை விட்டது, அடங்கிவிட்டது. பானெட்டின் மேல் ஒரு கோணிப்பை.

யாரும் கேட்காமலேயே யோசனை சொல்கிறவன் நான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கா தெரியாது? ஆனால் அன்றைக்கு ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. போய் அந்தக் கோணியை எடுத்துப் பிழிந்தேன். தண்ணீர் கொட்டியது. "இனிமே இதைப் போர்த்தாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இவ்வளவு சுருக்கமாகப் பேச எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். தளவாடப் பெட்டிகளுக்குள் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினேன். அதைக் குளிர்காலத்தில் கிளப்புவது எப்படி என்று எட்டு விதிகள் எழுதி, டாஷ்போர்டில் ஒட்டினேன். எட்டாவது விதி — இரவில் இன்ஜினைக் குளிரிலிருந்து காக்க, பானெட்டின் மேல் கோணி போர்த்த வேண்டும்.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அம்பத்தூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்:

"சார், அந்தக் கோணிய எட்த்துடு சார். பனித்தண்ணி மொத்தமும் குடிச்சிகினு கீது. சொட்டு சொட்டா உள்ள எறங்கிச்சுன்னா வண்டி மூச்சு உடாது."

"ஏகாம்பரம், நீ ஓட்டுறவன். நான் இன்ஸ்பெக்‌ஷன்."

"சர்தான் சார். நீ இன்ஸ்பெக்‌ஷன்னு வண்டிக்கு இன்னா தெரியும்?"

சிரித்துக்கொண்டே போனார். நான் சிரிக்கவில்லை. கோணியை இன்னொரு மடிப்பு மடித்துப் போட்டேன்.

அந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. வேப்பம்பட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு ஆள் வந்தது. என் மனைவி விசாலத்தின் அக்கா, விடியற்காலையில் போய்விட்டார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எடுத்துவிடுவார்கள்.

தாயில்லாத வீட்டில் விசாலத்துக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவர் அந்த அக்கா. பிறந்த வீடு என்று அவருக்கு மிச்சமிருந்தது விசாலம் ஒருத்திதான். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அவள்தான் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். பீரோவிலிருந்து புதுப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏழரைக்கெல்லாம் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கார் கிளம்பவில்லை.

இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டேன். எண்ணினேன். சாவியைத் திருப்பினேன். பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது — விதி மூன்று. ஓய்வு கொடுக்க வேண்டும் — விதி நான்கு. மறுபடி ஹீட்டர்...

"ஏங்க, டிரெய்ன்ல போயிடலாமே?"

"இரு. இன்னும் வரிசை முடியலை."

கால் மணி கழித்து மறுபடி கேட்டாள். "ஆட்டோவாவது பாருங்களேன்..."

"ஸ்டார்ட் ஆகிற நேரத்துல பேசாத விசாலம்."

அவள் மடியில் புடவையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் டீசல் லைனைப் பார்த்தேன், பாட்டரியைப் பார்த்தேன். தப்பு, இயந்திரத்தில் மட்டும்தானே இருக்க முடியும்?

ஒன்பதரைக்கு ஏகாம்பரம் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். நான் கழற்றித் தரையில் எறிந்திருந்த கோணியைக் காலால் தள்ளினார், சொதக்கென்றது. ஏர் ஃபில்டரைத் திறந்தார்.

"பாரு சார். பேப்பரு நனைஞ்சு களி மாரி கீது. காத்து எப்டி போவும்?" அதைப் பிடுங்கி வெளியே வைத்தார். "இப்ப அடி."

ஒரே சுற்று. கிளம்பிவிட்டது.

ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. "எம்மா, பாத்துப் போய்ட்டு வா" என்று விசாலத்திடம் மட்டும் சொன்னார்.

வேப்பம்பட்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஆக இருந்தது. வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "இவ்ளோ நேரம் உனக்காகத்தான்மா வெச்சிருந்தோம்..." என்றார் அக்காவின் நாத்தனார். கோடி வரவில்லையே என்று தன்னுடைய புடவை ஒன்றைப் போர்த்தி அனுப்பியிருந்தார். விசாலம் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடினேன். தீ வைத்துவிட்டிருந்தார்கள்.

புடவையோடு திரும்பி வந்தேன். விசாலம் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

இந்த ஒன்பது வருஷத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன் — எட்டு விதிகளையும் மேற்கோள் காட்டியிருப்பேன். எதிர் வீட்டுக் கதையைச் சொன்னபோதுகூட, "அவங்க யாரையும் பார்க்கப் போக வேண்டியதில்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

புடவை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, மடிப்புக் கலையாமல். வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை அதனடியில் வைக்கிறேன். என் தொழில் அதுதானே?

இன்றுவரை அந்தப் புடவையில் ஒரு பொட்டு ஈரம் ஏறியதில்லை.