இரும்புக்கு இரும்பு

அன்று இருந்தவர்கள்: முதலில் நான். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலை எனக்கு. எதிரில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் அண்ணன். அவர் பக்கத்தில் வயரிங் வேலை செய்யும் தம்பி. மேசை ஓரத்தில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி வந்த அங்கிள். யாழ்ப்பாண வம்சம். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து மேசையில், எங்களை யாரென்றே தெரியாதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர்.

கிள்ளானில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. ஞாயிறு காலை. மேசை நடுவில் ஐந்து மடக்குக் கத்திகள். ஐந்தும் என்னுடையவை.

தே தாரிக், இழுத்து ஆற்றிய டீ, கொண்டு வந்த கடைக்காரர் கத்திகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அண்ணே, சண்டைன்னா வெளிய வெச்சுக்குங்க லா. மேசை புதுசு."

"சண்டை இல்ல பாய். பரீட்சை" என்றார் கறிக்கடை அண்ணன்.

நான் கத்தி சேர்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலையில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டர் கொடுப்பார்கள். மழுங்கினால் முனையை ஒடித்துப் போட வேண்டும். ஒடிக்க ஒடிக்கக் குறைந்துபோகிற பொருளின் மேல் எனக்கு மரியாதை வரவில்லை. ஒரு நாள் பழைய சாமான் விற்கும் பாசார் காராட்டில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். திறந்தேன். மூடினேன். அந்தச் சத்தம் பிடித்தது. அவ்வளவுதான் கதை.

பிராண்டு பெயர்கள் என் வாயில் நுழையாது. நாட்டை வைத்துத்தான் கூப்பிடுவேன். சுவிஸ், பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா, சீனா. வீடியோவில் பேசுகிறவர்கள் இரும்புக்கு நம்பர் சொல்கிறார்கள். லோரி நம்பர் மாதிரி இருக்கிறது. எனக்கு மனசில் நிற்கவில்லை. வெட்டுகிறதா, இல்லையா. அதுதான் எனக்குத் தெரிந்த நம்பர்.

இவர்கள் மூவரும் கத்தி சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தவர்கள். குழுவில் நான் ஒருத்திதான் பெண். முதலில் என்னை யாரோ ஓர் ஆணின் மனைவி என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை. அதுவும் உண்மைதானே.

பரீட்சைக்குக் காரணம் என் வீட்டுக்காரர். அடுத்த ஞாயிறு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஹாலில் ஷோகேஸ். அதில் மேல் தட்டில் கத்திகள்.

"ஷோகேஸ்ல கப்பு இருக்கும், பொம்மை இருக்கும். நம்ம வீட்டுல கத்தி இருக்கு. பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நல்லா நடந்துக்கணும்னு நினைப்பாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு வெச்சுக்கோ. மத்ததெல்லாம் போகணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

அவர் எனக்கு உத்தரவு போடுவது குறைவு. அதனால் சரி என்றேன். ஆனால் எதை வைத்துக்கொள்வது? ஐந்தும் என் கையால் எண்ணெய் போட்டவை. குழுவில் கேட்டேன். வா பார்க்கலாம் என்றார்கள். நான் பேச்சை மாற்றிவிடக் கூடாது என்று வீட்டுக்காரரும் கூடவே வந்துவிட்டார்.

முதலில் அட்டை. வேலையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்திருந்தேன். சீனாக் கத்தி பாதியில் நின்றுவிட்டது.

"சாப் ஆயாம்" என்றார் அண்ணன். கோழி முத்திரை. எங்கள் ஊரில் மட்டமான சரக்குக்கெல்லாம் அதுதான் பெயர்.

"கோழியா இருந்தா ஒங்க கடையில தொங்க விடுங்கண்ணே" என்றான் தம்பி.

அடுத்தது நைலான் கயிறு. அமெரிக்கா ஒரே இழுப்பில் அறுத்தது. ஆனால் நல்ல கனம். சட்டைப்பையில் போட்டால் ஆள் ஒரு பக்கம் சாய்வான். அண்ணனுக்கு அது பிடித்துவிட்டது. அவரே ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்.

மூன்றாவது கொய்யாப்பழம். ஜப்பான் உள்ளே போனதே தெரியவில்லை. துண்டு தானாக விழுந்தது. ஆனால் துடைப்பதற்குள் அலகு கறுத்துவிட்டது. அங்கிள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. பழத்தைச் சாப்பிட்டது நாங்கள். முகம் கறுத்தது அதுக்கு."

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் சண்டை வரும். மேசையில் வைப்போம், மற்றவர் எடுப்பார். சுவிஸ் நாட்டில் இப்படிச் செய்வார்களா தெரியாது. சண்டையே போடாத நாடு என்கிறார்கள். ஒருவேளை செய்வார்களோ என்னவோ.

கடைசிப் பரீட்சை நான் சொன்னது. எல்லோரும் எண்ணெய் வழிகிற ரொட்டி சானாய் தின்று, கை கழுவாமல், அந்தக் கையால் திறக்க வேண்டும். வீடியோவில் இதை யாரும் செய்வதில்லை. ஆனால் எங்கள் கை அப்படித்தான் இருக்கும். சுவிஸ் கத்தியில் நகத்தால் நெம்ப வேண்டும். வழுக்கியது. தம்பி பல்லால் இழுக்கப் போனான். அண்ணன் அவன் தலையில் ஒன்று போட்டார்.

பிரான்ஸ் மட்டும் பாக்கி. மரப்பிடி, கழுத்தில் ஒரு வளையம். முதல் நாள் இரவெல்லாம் மழை. மரம் உப்பிப்போய்த் திறக்கவே இல்லை. மூன்று ஆண்கள் மாறி மாறி முயன்றார்கள். நான் பிடியின் பின்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். மெதுவாகத் திறந்தது.

"இதுதான்" என்றேன்.

"என்னக்கா, தெறக்காத கத்தியைப் போயி!"

"மழை வந்தா வாயத் தொறக்காது. தட்டுனா தொறக்கும். எனக்குப் பழகுன கொணம்."

பக்கத்து மேசையில் பேப்பர் கொஞ்சம் இறங்கியது. பிறகு ஏறியது.

முடிந்தது என்று நினைத்தேன். அமெரிக்காவை அண்ணன் பக்கம் தள்ளினேன். சுவிஸ்ஸைத் தம்பி பக்கம். ஜப்பானை அங்கிள் பக்கம். "எடுத்துக்குங்க. காசு வேணாம்."

மூவரும் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்கள்.

"கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது, பிள்ளை. உறவு அறுந்துபோகும்" என்றார் அங்கிள்.

"ஒரு சில்லறை குடுத்து வாங்கிக்கணும் தங்கச்சி. பத்து சென் போதும்." அண்ணன் பையைத் தடவினார். தம்பி தடவினான். அங்கிள் பர்ஸைத் திறந்து, மூடினார். யாரிடமும் சில்லறை இல்லை. இப்போது யார் சில்லறை வைத்திருக்கிறார்கள்? எல்லாம் போன்தான்.

"பத்து சென் ஸ்கேன் பண்ணி அனுப்பறேன் அக்கா."

"அது காசா?" என்றார் அண்ணன். "இரும்பு குடுத்தா இரும்புதான் திரும்பி வரணும். ஒன் போனு இரும்பா?"

பேப்பர் மடிந்தது. வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். "கல்லாவுல கேளுங்களேன். சில்லறை இருக்கும்."

"கடன் வாங்கின காசு செல்லாது" என்றார் அங்கிள். இந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் அரசாங்கத்தில் இருந்தவர்.

வீட்டுக்காரர் காருக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்து வெகுநாளாயிற்று. மூச்சு வாங்கத் திரும்பி வந்து மேசையில் ஒன்றை வைத்தார். பேரங்காடியில் தள்ளுவண்டி எடுக்கப் போடுகிற வில்லை. பிளாஸ்டிக்.

எல்லோரும் அதைப் பார்த்தோம்.

"வட்டமா இருக்கு" என்றான் தம்பி ஆறுதலாக.

அப்போதுதான் அண்ணன் தொண்டையைச் செருமினார். "இரும்புக்கு இரும்பு. நானும் கத்தியே தரேன்." கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று.

"ஒண்ணு போதும்ணே."

"சும்மாவா? மொய்யின்னா ஒண்ணு சேத்துத்தான் வெக்கணும். அம்பத்தொண்ணு, நூத்தியொண்ணு. ஒத்தக் கத்திக்கு ஒண்ணு சேத்தா ரெண்டு."

தம்பி உடனே தன் பையைத் திறந்தான். அவனும் இரண்டு வைத்தான். எடுத்த வேகத்தைப் பார்த்தேன். வீட்டிலேயே துணியில் சுற்றித் தயாராகக் கொண்டு வந்திருந்தான்.

"ஒன் வீட்டுலயுமா?" என்றேன்.

"புள்ள தவழ ஆரம்பிச்சிருச்சுக்கா. பொண்டாட்டி ஒரே சத்தம்."

"எங்கட வீட்டிலயும் இதே கதைதான்" என்றார் அங்கிள், தன் இரண்டை வைத்தபடி. "மனிசி மூண்டு மாசமாச் சொல்லுறா. நல்ல இடமாப் பாத்து அனுப்ப வேணும் எண்டுதான் வைச்சிருந்தன்." பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற குரலில் சொன்னார்.

அண்ணன் அமெரிக்காவைப் பையில் போட்டுக்கொண்டு தே தாரிக்கைக் குடித்து முடித்தார். நிம்மதியாகத் தெரிந்தார்.

மறுக்க முடியவில்லை. மொய்யைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் உறவு அறும். சீனாவை மேசை முழுக்கச் சுற்றவிட்டேன். யாரும் எடுக்கவில்லை. சுற்றி என்னிடமே வந்தது.

கார் நிறுத்துமிடத்தில் வீட்டுக்காரர் கதவைத் திறந்தபின் கேட்டார்:

"நான் என்ன சொன்னேன்? நீ என்ன பண்ணியிருக்க?"

"குடுக்கச் சொன்னீங்க. குடுத்தேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "பேசாம அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்னு குடுத்துடலாமா?"

"அவங்களும் ஒண்ணு சேத்துத் திருப்பிக் குடுத்தாங்கன்னா?"

வண்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்தினார். என் மடியில் இருந்த பையை எட்டிப் பார்த்தார்.

"இப்ப எத்தனை இருக்கு?"

பையைத் திறந்து எண்ணினேன்.

எட்டு.